வெயிலுக்குக் காவல்

கறுப்புப் போர்வையின் மூன்று மூலைகளை மாடியிலுள்ள சோலார் பேனலின் சட்டத்தில் கட்டியாகிவிட்டது. நான்காவது மூலையில் நாடா அறுந்துபோயிருந்தது. அதன்மேல் ஒரு செங்கல்லை வைக்கிறாள். செங்கல்மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை. பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்து, மூலையை உள்ளங்கையால் அழுத்திக்கொள்கிறாள்.

"போர்த்தியாச்சா?" என்று கீழேயிருந்து குரல் வருகிறது.

"போர்த்தியாச்சுங்க!"

அவள் கணவர் வீடுகளுக்குச் சோலார் மாட்டுகிறவர். மாடியில் பேனல், கீழே இன்வெர்ட்டரும் பேட்டரியும், நடுவே ஒயர். வேலையில் கைவைக்குமுன் மோதிரத்தைக் கழற்றி இவளிடம் கொடுத்துவிடுவார். பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவே அது பட்டுவிட்டால் விரலும் சேர்ந்து வெந்துபோகும். அவளுக்குப் பெரிதான அந்த மோதிரம் இப்போது அவள் கட்டைவிரலில் இருக்கிறது.

"மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணலாம். வெயில யாரு ஆஃப் பண்றது?" என்பார் அவர். வெளிச்சம் இருக்கிறவரை பேனலிலிருந்து இறங்கும் ஒயரில் உயிர் உண்டு. பழைய சோலாரில் பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவிலுள்ள சுவிட்சே கருகிப்போய், அதை மாற்றவேண்டி வரும் வீடுகளில்தான் இந்தப் போர்வை.

முன்பெல்லாம் போர்த்திவிட்டுத் தனியாகவே வேலை செய்தார். ஒரு வீட்டில் துணி காயப்போட மாடிக்கு வந்த வீட்டுக்கார அம்மா, "இப்படி மூடி வச்சா எப்படிக் கரண்ட் வரும்? வெவரம் கெட்ட மனுஷன்" என்று போர்வையை எடுத்து, அழகாக மடித்தும் வைத்துவிட்டார். கீழே கணவர் கையில் வெறும் ஒயர். அன்று வீடு திரும்பியபோது இரண்டு விரல்நுனிகள் கரிந்திருந்தன. "சின்னப் பொறிதான்" என்று சிரித்தார். கரிந்த தோலின் வாடை எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை. மறுநாள் அவர் வண்டியை எடுத்தபோது, பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

எந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் வாயை நனைப்பதோடு சரி. குடித்தால் கீழே இறங்கவேண்டி வரும். மேகம் வந்தாலும் கையை எடுப்பதில்லை. மேகம் எப்போது விலகும் என்று யாருக்குத் தெரியும்?

"பேனலுக்குக் குளிருதா அக்கா?" என்று பக்கத்து மாடியில் துணி உதறுகிறவள் கேட்கிறாள்.

இவள் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறாள்.

கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அவர் கீழேயிருந்து குரல் கொடுக்கவேண்டும், இவள் பதில் சொல்லவேண்டும். அதுதான் பேச்சு. இன்று இரண்டாவது குரல் வரவில்லை.

"என்னங்க?"

பதில் இல்லை. காற்று கிளம்புகிறது. போர்வை வயிறு உப்பி எழ, செங்கல் ஒரு பக்கமாகச் சாய்கிறது.

"என்னங்க! காதுல விழுதா?"

ஓடிப்போய்ப் பார்த்துவிடலாம். ஆனால் எழுந்தால் போர்வை பறந்துவிடும். அவர் நல்லபடியாக இருந்தால், இவள் எழுந்ததே அவருக்கு எமனாகிவிடும். நல்லபடியாக இல்லையென்றால்? அதற்குமேல் நினைக்க அவளால் முடியவில்லை. போர்வைமேல் அப்படியே குப்புறப் படுத்து, இரண்டு கையையும் விரித்து அழுத்துகிறாள். கண்ணாடியின் சூடு வயிற்றில் இறங்குகிறது.

யாரிடமும் உரக்கப் பேசியறியாதவள் கத்துகிறாள்: "யம்மா, யாராச்சும் கீழ எட்டிப் பாருங்களேன்!"

பக்கத்து மாடியில் துணி மட்டும் ஆடுகிறது.

படியில் செருப்புச் சத்தம். தலை தெரிகிறது, தோள் தெரிகிறது. உதட்டிலிருந்து ஒரு ஸ்க்ரூவை எடுத்துக்கொண்டே அவர் வருகிறார்.

"எதுக்குடி ஊரக் கூட்டுற? வாய் நெறைய ஸ்க்ரூ. எப்படிப் பதில் சொல்றது? பாதில கைய எடுக்கவும் முடியல. புது சுவிட்ச மாட்டி ஆஃப்ல வச்சுட்டேன். எழுந்திரு, போர்வைய எடு."

அவள் எழுந்து உட்காருகிறாள். ஆனால் இடது கை மூலையை விடவில்லை. வலது கையால் அவர் கையைப் பிடித்து இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோகிறாள்.

"உயிரோட இருக்கேனான்னு மோந்து பாக்குறியா?"

அவள் சிரிக்கவில்லை.

"அந்தக் கையையும் குடுங்க" என்கிறாள்.

அதையும் முகர்ந்து முடித்த பிறகுதான், கட்டைவிரலிலிருந்த மோதிரத்தைப் பல்லால் கடித்து உருவி அவரிடம் நீட்டுகிறாள். இடது கை இன்னும் போர்வைமேலேயே இருக்கிறது.