என் பெயரில் ஒரு விரதம்

என் வீட்டுக்காரர் வருஷத்தில் நாற்பது நாள் குடிக்கமாட்டார். தவக்காலம். விபூதி புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு கோயிலை விட்டு இறங்கினால், பாஸ்கா என்கிற ஈஸ்டர்வரைக்கும் ஆள் தங்கம். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக உப்பளத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார், வெங்காயம் உரிப்பார், மகளிடம் “இன்னா படிக்கிற?” என்று கேட்பார். அவள் பயந்துபோவாள். பாஸ்கா ஞாயிறு மத்தியானம் பிரியாணியோடு பாட்டிலும் வந்துவிடும்.

போன வருஷம் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, ஈரல் வீங்கியிருக்கிறது, இனி ஒரு சொட்டுத் தொட்டாலும் என்னிடம் கூட்டிவராதீர்கள் என்று சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “விட்டுட்டேம்மா. இன்னையோட விட்டுட்டேன்.” கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மன உறுதி வேண்டும் என்று போனில் தன்னம்பிக்கை வீடியோவெல்லாம் தேடித்தேடிப் பார்த்தார். சனிக்கிழமை அதே வீடியோவைப் பார்த்துக்கொண்டே குடித்தார்.

எதிர்வீட்டுக்காரரும் அதே கம்பெனி, அதே பஸ், அதே ஒயின் ஷாப். அவர் இந்து. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டால் மலைக்குப் போய்வரும்வரை தொடமாட்டார். அவர் பெண்டாட்டிதான் மீன் வாங்கப் போகும்போது எனக்கு வழி சொன்னாள்.

“அக்கா, உங்க ஆளுக்கும் மாலையப் போட்டுடலாம். எங்க ஆளை உங்க தவக்காலத்துல சேத்துக்குங்க. ரெண்டு சாமியும் சேந்து புடிச்சா எங்க போயிடுவாங்க?”

எனக்கும் அது பெரிய யோசனையாகத்தான் பட்டது.

ஆண்கள் மறுக்கவேயில்லை. எல்லா சாமியும் ஒன்றுதான் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்கள். இவர் துளசி மாலையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஞாயிறு பூசைக்கு வந்தார். காலர் பட்டனை நான்தான் போட்டுவிட்டேன். தையில் மலையிலிருந்து இறங்கினார்கள். தவக்காலம் தொடங்க இன்னும் சில வாரங்கள் இருந்தன. அந்த வாரங்களைப் பற்றி நாங்கள் இரண்டு புத்திசாலிகளும் யோசிக்கவேயில்லை.

முன்பெல்லாம் ஒருவர் விரதத்தில் இருந்தால் மற்றவர் துணையில்லாமல் ஏதோ அளவாகக் குடிப்பார். இப்போது இருவருக்கும் ஒன்றாக விரதம் முடிந்தது, ஒன்றாகத் தாகம் எடுத்தது. அப்புறம் தவக்காலம் வந்தது. எதிர்வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு வந்து எங்களைவிடச் சத்தமாகப் பாடினார். பாஸ்காவுக்கு இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். மறுநாள் காலையில் இவர் கண் மஞ்சளாகத் தெரிந்தது.

“எனக்காக ஒரே ஒரு நாள் நிறுத்துங்க” என்றேன். “நாளைக்கு, செவ்வாய்க்கெழமை.”

காலண்டரைப் பார்த்தார். “நாளைக்கு இன்னா விசேஷம்?”

“ஒண்ணுமில்ல. நான்தான் விசேஷம்.”

அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே யோசித்தார். பிறகு வருத்தத்தோடுதான் சொன்னார்: “அது முடியாதும்மா. வாக்கு குடுத்துட்டு மீறினா சாமி கண்ணக் குத்திடும்னு ஒரு பயம். நீ இன்னா பண்ணுவ? ரெண்டு நாள் கத்துவ. அப்புறம் சோறு போட்டுடுவ.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட பாவி மனுஷா, இத்தனை வருஷம் பொறுத்துப் போனதற்கு இதுதான் மரியாதையா? அந்த இடத்திலேயே நானும் ஓர் உறுதி எடுத்தேன். இனி குடித்துவிட்டு வந்தால் சோறும் கிடையாது, பேச்சும் கிடையாது. மாதாவிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கு நானே எடுத்த உறுதி, நானே காப்பாற்றுவேன் என்ற திமிர்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ் போய் வெகுநேரம் கழித்து வந்தார். வாடை அவருக்கு முன்னால் வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு துணி மடித்தேன். அவர் கெஞ்சவில்லை, சத்தமும் போடவில்லை. தட்டைத் தானே எடுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஓரக்கண்ணால் பார்த்தேன். அந்த மஞ்சள் கண் இன்னும் அப்படியேதான் இருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டார்.

எழுந்துபோய் ரசத்தைச் சூடுபண்ணினேன். அவர் எனக்கு இரண்டு நாள் கொடுத்திருந்தார். எனக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.