கரண்டு கட்டுக்கு முந்தைய அரைமணி

அந்த ஆண்டுகளில் திருவனந்தபுரத்தில் மாலைதோறும் அரைமணி நேரம் மின்வெட்டு இருந்தது. பகுதிவாரியாக முறை வரும். எங்கள் தெருவுக்கு ஏழு மணிக்கு. அதற்கு முந்தைய அரைமணியில் தெரு முழுவதும் அவசரமாக இருக்கும். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புவார்கள், மிக்ஸியை ஓட்டுவார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவார்கள். கரண்டு போனதும் எல்லாரும் கேட்டருகே வந்து பேசிக்கொண்டு நிற்பார்கள். ஆகவே, எவரும் பிறர் வீட்டுக் கதவைத் தட்டாத நேரம் என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்த முந்தைய அரைமணிதான். நானும் என் மனைவியும் வீடியோ கேம் விளையாடியது அப்போதுதான்.

வெளியில் இதை நாங்கள் சொன்னதில்லை. சாலைக் கடைத்தெருவின் மொத்த வியாபாரிகள் பலர் வரி விவகாரங்களுக்கு என்னிடம் வந்துகொண்டிருந்தார்கள். என் முன்னால் அவர்கள் உரக்கச் சிரிப்பதுகூடக் கிடையாது. தெருவின் குடியிருப்போர் சங்கத்துக்கும் நானே தலைவன். இத்தகைய ஒருவன் தொலைக்காட்சிக்கு முன் தரையில் அமர்ந்து பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பதை ஊர் அறியவேண்டிய தேவை இல்லை என்பது என் கருத்து.

அந்த வீடியோ கேம் பெட்டி, மகன் பத்தாம் வகுப்பில் தேறியபோது வாங்கியது. அவன் பொறியியல் கல்லூரி விடுதிக்குப் போனபின் அலமாரியில் கிடந்தது. ஒருநாள் தூசி தட்டிய மனைவி, வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக அதை இணைத்தாள். அன்று தொடங்கியது. எங்களுக்குப் பிடித்தது டாங்கி விளையாட்டு. திரையின் அடியில் செங்கல் சுவருக்குள் ஒரு பறவைச் சின்னம் இருக்கும். மேலிருந்து வரும் எதிரி டாங்கிகளிடமிருந்து இருவரும் சேர்ந்து அதைக் காக்க வேண்டும். ஜன்னலைச் சாத்தி, ஒலியை முழுவதும் குறைத்து விளையாடுவோம். நான் எதிரியைத் தேடி மேலே போய்விடுவேன். அவளுக்கு அது பிடிக்காது.

“என்னத்துக்கு முன்னால ஓடுதிய? சின்னத்த யாரு பாப்பா?”

“நீ இருக்கியே.”

“ஆமா, எல்லாத்துக்கும் நான் ஒருத்தி இருக்கேம்லா.”

ஏழு மணிக்குத் திரை அணைந்துவிடும். எட்டியிருந்த கட்டமெல்லாம் அதோடு போகும். மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடைசிக் கட்டம் எப்படியிருக்கும் என்று நாங்கள் பார்த்ததே இல்லை. அலுவலுக்கும் உறவினருக்கும் விசேஷங்களுக்கும் கொடுத்ததுபோக எங்களுக்கென்று மிஞ்சிய நேரம் அவ்வளவுதான்.

மகன் நகரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலைக்குச் சேர்ந்த பின், நாகர்கோவிலிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண்ணைப் பார்த்தாயிற்று, அவனுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. பெண்ணின் தந்தை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தொலைபேசியில் ஒன்றை மட்டும் அழுத்திக் கேட்டார்.

“தம்பிக்கு இந்த வீடியோ கேம் கிறுக்கு உண்டா அண்ணாச்சி? முந்தி பாத்த பையனுக்கு அதே வேலையா இருந்துச்சு. அதான் வேண்டாம்னுட்டோம்.”

“என் பையன் அதைத் தொட்டே வருஷக்கணக்காச்சு” என்றேன். அது உண்மை.

ஞாயிற்றுக்கிழமை, கரண்டு வந்தபின் எங்கள் வீட்டைப் பார்க்க அவர்கள் வருவதாக ஏற்பாடு. மகனும் வந்திருந்தான். பலகாரமெல்லாம் ஆறரைக்கே தயாராகிவிட்டதால் நானும் மனைவியும் வழக்கம்போல் உட்கார்ந்துவிட்டோம். ஏழு மணிக்குத் திரை அணைந்தது; சற்று நேரத்திலேயே வாசலில் கார் வந்து நின்றது. மனைவி பெட்டியைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் தள்ளி ஒரு துண்டைப் போட்டு மூடினாள். நான் மெழுகுவத்தி ஏற்றினேன். சுவிட்சை இருவருமே அணைக்கவில்லை. கரண்டு வந்ததும் தெரிய வேண்டும் என்று எதையாவது அணைக்காமல் விட்டு வைப்பது அந்நாளில் எங்கள் ஊரில் கைப்பழக்கம்.

தலைமையாசிரியரும் அவர் மனைவியும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் காபி குடித்தார்கள். பேச்சு நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. கரண்டு வந்தது. விளக்கோடு சேர்ந்து தொலைக்காட்சியும் உயிர்பெற்றது. மின்சாரம் போய் வந்தால் அதன் ஒலி பழைய அளவுக்கே திரும்பிவிடும். விளையாட்டுக் கேசட்டின் தொடக்க இசை கூடமெங்கும் முழங்க, திரையில் விளையாட்டுகளின் பட்டியல் வண்ணவண்ணமாக நின்றது.

தலைமையாசிரியர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். திரையைப் பார்த்தார், பிறகு என் மகனைப் பார்த்தார்.

“தம்பியோடதோ?”

மகன் என் முகத்தைப் பார்த்தான். ஊரில் என் மதிப்பு எனக்கு எவ்வளவு முக்கியம் என்று அவனுக்குத் தெரியும். “ஆமா மாமா, அது வந்து…” என்று தொடங்கினான். அவன் அந்த வாக்கியத்தை முடித்திருந்தால் வரன் அங்கேயே முறிந்திருக்கும்.

“அவனோடது இல்ல” என்றேன். “நானும் இவளும் விளையாடுறது. இப்பக்கூட விளையாடிக்கிட்டுதான் இருந்தோம்.”

“ரெண்டு பேருமா?”

“தினமும்.”

பெண்ணின் தாயார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

“யாரு மைனி ஜெயிப்பா?” என்று என் மனைவியிடம் கேட்டார்.

“இதுல ரெண்டு பேரும் ஒரே கட்சி” என்றாள் என் மனைவி. “ஆனா அவிய காவலுக்கு நிக்க மாட்டாவ. ஓடிப்போயிருவாவ.”

அந்த அம்மையார் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. நான் எழுந்து போய் சுவிட்சை அணைத்தேன். என் சொந்த வீட்டுக் கூடம் அன்று எனக்கு மிக நீளமாகத் தோன்றியது.

மறுநாள் அவர் தொலைபேசியில் அழைத்துச் சம்மதம் சொன்னார். அந்த விளையாட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வைப்பதற்கு முன் மட்டும், “தம்பியோடதுன்னே நீங்க சும்மா விட்டிருக்கலாம் அண்ணாச்சி” என்றார்.

திருமணத்துக்குப் பின் மகன் தன் பிளாட்டில் விலையுயர்ந்த புது இயந்திரம் ஒன்று வாங்கி வைத்தான். அவனும் மருமகளும் அலுவலகத்திலிருந்து வெவ்வேறு நேரத்துக்குத் திரும்புகிறார்கள். அது பெரும்பாலும் உறை பிரிக்காத பொருள்போலவே இருக்கிறது. எங்கள் தெருவிலும் மாலை மின்வெட்டு நின்றது. எல்லாரும் மகிழ்ந்தார்கள். கரண்டு எப்போதும் இருப்பதால் ஆட்களும் எப்போது வேண்டுமானாலும் வரத் தொடங்கினார்கள். எங்கள் அரைமணி எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

சில மாதங்கள் பொறுத்தேன். பிறகு ஆறரை மணிக்கு நானே வெளிக் கேட்டைப் பூட்டத் தொடங்கினேன். சங்கத்துச் செயலாளர் ஒருமுறை கேட்டுக்கு வெளியே நின்று, “சாரே, பூஜையோ?” என்று கூவினார்.

“விளையாட்டு. ஏழு மணிக்கு வாரும்” என்றேன்.