விஜயதசமியும் முப்பத்தெட்டு சதவீதமும்

சிவரஞ்சனிக்கு நான்கு வயதில் வந்த காய்ச்சல் இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டது. அதற்காக யாராவது உச்சுக்கொட்டினால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்து ஒன்பது வருடம் வேலைக்கு அலைந்ததில் அவளுக்குக் கிடைத்தது ஏகப்பட்ட உச்சுக்கொட்டல்களும், அரிமளத்தில் கிரில் பட்டறை வைத்திருந்த சோலையப்பன் என்ற புருஷனும்தான். புருஷன்மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. முப்பத்திரண்டு வயதாகியும் வேலை இல்லையே என்பதுதான் நெஞ்சில் கிடந்து அறுத்தது.

அதற்கு ஒரு வழி திறந்தது. கல்லூரியில் கூடப் படித்த ஷீபா, அவளும் பார்வை இல்லாதவள், சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தாள். வங்கி, ரயில்வே போன்ற இணையதளங்களைப் பார்வையற்றவர்கள் தடங்கல் இல்லாமல் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துச் சொல்வது அங்கே வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். தேர்வு விஜயதசமி அன்று காலை பத்து மணிக்கு. ஒரு இணையதளம் கொடுப்பார்கள், இரண்டு மணி நேரத்துக்குள் அதன் குறைகளை எழுதி அனுப்ப வேண்டும். பத்து மணிக்கு உள்ளே நுழையாதவருக்கு மறு வாய்ப்பு கிடையாது. போனில் செய்யக்கூடாது, கம்ப்யூட்டர்தான் வேண்டும்.

கம்ப்யூட்டர் என்று அவளிடம் இருந்தது பிளஸ் டூ முடித்தபோது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேப்டாப். அதில் இருந்த இயங்குதளம் விண்டோஸ் 7. அதைச் செய்தவர்களே கைகழுவி வருடக்கணக்காகிறது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளும் பழையதுதான். புதிய விண்டோஸைப் போட்டால் லேப்டாப் மூச்சுவிடவே திணறும் என்று புதுக்கோட்டையில் கடைக்காரர் சொல்லிவிட்டார். கம்பெனியின் விண்ணப்பத்தில், 'உங்கள் கம்ப்யூட்டரில் இப்போது ஆதரவில் உள்ள இயங்குதளம் இருக்கிறதா?' என்று ஒரு கேள்வி இருந்தது. அவள் 'ஆம்' என்று போட்டு அனுப்பிவிட்டாள்.

சரஸ்வதி பூஜை அன்று சாயங்காலம் சோலையப்பன் பட்டறைச் சாமான்களோடு அவளுடைய லேப்டாப்பையும் வாங்கிப் பூஜையில் வைத்தான். "இதுதானே ஒன் ஆயுதம்" என்று சொல்லிச் சொல்லித் துடைத்தான். பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில் சூடம் காட்டிய பிறகுதான் எடுக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காலையில் சூடம் காட்டிவிட்டு, பட்டறையில் பூசணிக்காய் உடைக்கக் கிளம்பினான்.

"எடுத்துக்க ரஞ்சி. நல்லா வேண்டியிருக்கேன். ஒரு கொறையும் வராது, போ."

ஒன்பது மணிக்கு லேப்டாப்பை மேசையில் வைத்துத் திறந்தாள். சந்தன வாசனை கமகமத்தது. சார்ஜரைச் செருகி சுவிட்சைப் போட்டாள். வழக்கம்போல நாலு நிமிடம் முக்கி முனகிவிட்டுக் குரல் வந்தது. பேட்டரி எவ்வளவு என்று விசையைத் தட்டிக் கேட்டாள். முப்பத்தெட்டு சதவீதம், சார்ஜ் ஏறவில்லை என்றது. வைஃபை? எதுவும் இல்லை.

சார்ஜரை உருவி மறுபடி செருகினாள். சுவரில் வேறு பிளக் பாயிண்டில் மாட்டிப் பார்த்தாள். சார்ஜர் டப்பாவைத் தொட்டாள், லேசாகச் சூடு இருந்தது. அப்படியானால் கரண்ட் வருகிறது. லேப்டாப்தான் வாங்க மாட்டேன் என்கிறது. போனை எடுத்தாள். அதில் வீட்டு வைஃபை நன்றாகவே வந்தது. போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தாள். பக்கத்திலேயே இருக்கும் அதைக்கூட லேப்டாப் கண்டுகொள்ளவில்லை.

ஷீபாவைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பழைய விண்டோஸத் தூக்கிக் கடாசுன்னு எத்தன தடவடி சொன்னேன்? வைஃபை டிரைவரத் தூக்கிட்டு ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு, அதுவா திரும்பப் போட்டுக்கும். அதுக்கும் வரலைன்னா அவ்வளவுதான், உயிர் போச்சுன்னு அர்த்தம்."

டிரைவரை எடுத்தாள். ரீஸ்டார்ட் செய்தாள். அதற்கே நாலு நிமிடம் போயிற்று, பேட்டரி இருபத்தாறு. வைஃபை வரவில்லை. மறுபடி முயன்றாள், பதினேழு. சோலையப்பனையாவது கூப்பிடலாம் என்று போன் போட்டால், மணி வீட்டுக்குள்ளேயே, பிரிட்ஜ்மேல் அடித்தது. பூசணிக்காயை மறக்காமல் எடுத்துக்கொண்டு போன மனுஷன் போனை மறந்துவிட்டுப் போயிருந்தான்.

பதினொன்று என்று குரல் சொன்னபோது அவள் அணைத்துவிட்டாள். மணி ஒன்பது முப்பத்தைந்து.

எல்லாம் அந்த 'ஆம்' செய்த வேலை என்று தோன்றியது. பொய் சொல்லிப் போட்ட விண்ணப்பம், அன்றைக்கென்று பார்த்துப் பழைய விண்டோஸ் காலை வாரிவிட்டது. இன்னொரு ஒன்பது வருடம் உட்கார்ந்து உச்சுக்கொட்டல் கேட்க வேண்டியதுதான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் மூக்கடைக்கும், நேரம்தான் வீணாகும் என்று அடக்கிக்கொண்டாள்.

மூக்கு அடைக்காததால்தான் அந்தச் சந்தன வாசனை மறுபடி உறைத்தது. மேல்மூடியில் வைத்த பொட்டுக்கு இவ்வளவு வாசனையா? மூடியைத் தடவினாள். பொட்டே இல்லை. விரல்களை ஓரத்துக்குக் கொண்டுபோனாள். இடது பக்கம், சார்ஜர் செருகும் ஓட்டையின் வாயில், கட்டியாகக் காய்ந்து கிடந்தது சந்தனம்.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. வெல்டிங் மெஷினுக்குப் பொட்டு வைக்கும்போது சோலையப்பன் எப்போதும் கேபிள் நுழைகிற இடத்தில்தான் வைப்பான். கரண்ட் நுழையும் வாய்க்குத்தான் முதல் மரியாதை என்பான். அந்த மரியாதையை இதற்கும் தாராளமாகச் செய்திருக்கிறான்.

"அடப்பாவி மனுசா!" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

தலையிலிருந்து ஹேர்பின்னை உருவினாள். ஓட்டைக்கு நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருக்கும், அது வளைந்தால் எல்லாம் முடிந்தது. ஊசியைத் தொடாமல் சுற்றிச் சுற்றிச் சுரண்டி, கவிழ்த்துத் தட்டினாள். பொடி மேசையில் விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் சார்ஜரைச் செருகியபோது, அது முழுசாக உள்ளே போய் உட்கார்ந்ததை விரல் உணர்ந்தது.

மணி ஒன்பது நாற்பத்தாறு. ஆன் செய்தாள். குரல் வந்தது. சார்ஜ் ஏறுகிறது என்றது. வைஃபை மட்டும் இன்னமும் இல்லை.

பொட்டு வைத்தவன் துடைக்கவும்தானே செய்தான்? அவள் முன்பக்க ஓரத்தைத் தடவினாள். அந்த லேப்டாப்பில் அவள் கை அறியாத மேடு பள்ளம் கிடையாது. முன்னால் ஒரு சின்னக் குமிழ் உண்டு. எதற்கென்று யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. அது எப்போதும் வலது பக்கம் ஒட்டி இருக்கும். இன்று இடது பக்கம் இருந்தது. நகத்தால் வலது பக்கம் தள்ளினாள்.

சில நொடிகள் ஒன்றும் இல்லை. பிறகு குரல் வீட்டு வைஃபையின் பெயரைச் சொல்லி, இணைந்துவிட்டது என்றது. அந்தக் குமிழ்தான் வைஃபைக்குச் சுவிட்ச்; துடைத்த துணி அதைத் தள்ளி அணைத்திருக்கிறது. ஒன்பது ஐம்பத்தேழுக்கு அவள் தேர்வுக்குள் நுழைந்தாள்.

பெயர் இல்லாத பட்டன்கள், வாசிக்க முடியாத படங்கள், திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளும் பக்கம் என்று பதினான்கு குறைகளை எழுதினாள். கடைசியில் ஒரு பெட்டி வந்தது: 'எந்த இயங்குதளத்தில் சோதித்தீர்கள்?' விரல் நின்றுவிட்டது. பதினான்கு குறையை ஒளிக்காமல் சொல்லிவிட்டுத் தன் குறையை மட்டும் மறைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. விண்டோஸ் 7 என்று எழுதினாள். விண்ணப்பத்தில் 'ஆம்' போட்டது தவறு என்றும், இந்த ஒரு லேப்டாப்தான் தன்னிடம் இருக்கிறது என்றும் எழுதி அனுப்பினாள்.

மத்தியானம் சோலையப்பன் பொரிகடலைப் பையோடு வந்தான். "எப்புடி? நம்ம பூஜ வேல செஞ்சுச்சா?"

அவள் ஹேர்பின்னை அவன் கையில் வைத்து, நடந்ததைச் சொன்னாள். அவன் ஹேர்பின்னில் ஒட்டியிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினான். "ஒனக்கு நல்லது வரணும்னுதான் அங்கன வச்சேன் ரஞ்சி" என்றான். குரல் உடைந்திருந்தது. திட்டுவதற்கென்று வைத்திருந்த வார்த்தைகளையெல்லாம் அவள் விழுங்கிக்கொண்டாள்.

ஆறு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஏழாம் நாள் மெயில் வந்தது. மூன்று மாதம் பயிற்சி. கம்பெனி ஒரு புது லேப்டாப் அனுப்பும். இனி விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளபடி எழுதவும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியில் அவளுக்குக் காது சுட்டது. பிறகு மொத்த மெயிலையும் நாலு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

அடுத்த சரஸ்வதி பூஜைக்கு இரண்டு லேப்டாப்பும் மணைமேல் இருந்தன. சோலையப்பன் சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"எங்கிட்டு வைக்கட்டும்?"

அவள் அவனுடைய விரலைப் பிடித்து, மூடியின் நட்டநடுவில் கொண்டுபோய் வைத்தாள்.