கோணல் கோடும் இஸ்திரிப் பெட்டியும்

மனதை அமைதிப்படுத்தும் என்று சொல்லித்தான் என் மகள் இந்த வம்பை வீட்டுக்குள் கொண்டுவந்தாள். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், தைத்து வரும் மேல்பாகங்களைச் சரிபார்க்கிற மேஜையில் எனக்கு வேலை. காலையிலிருந்து மாலை வரை அடுத்தவர் தையலில் கோணல் தேடுவதற்குத்தான் சம்பளம். பிரஷர் ஏறிக் கிடக்கிறது, மாத்திரையோடு கோபத்தையும் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோபத்துக்கும் மாத்திரை இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மகள் சிரித்தாள். போனில் ஒரு வீடியோவைப் போட்டு என் முன்னால் நிறுத்தினாள். அதில் ஒரு பெண்மணி, குழந்தையைத் தூங்க வைக்கிற குரலில் பேசிக்கொண்டே, ஒரு கட்டத்துக்குள் ஒரே வளைவைத் திரும்பத் திரும்பப் பேனாவால் வரைந்துகொண்டிருந்தார். "இதில் தப்பு என்று எதுவுமே கிடையாது," என்றார். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. தப்பு என்று எதுவும் இல்லையென்றால் என்னை எதற்கு வேலைக்கு வைத்திருக்கிறார்கள்?

"சும்மா போடும்மா. கை போற போக்குல போடு," என்றாள் மகள்.

போட்டேன். மூன்றாவது வளைவு இரண்டாவதைவிடக் குண்டாக வந்தது. நான்காவது சாய்ந்துகொண்டது. அந்த அம்மா மூச்சைக் கவனிக்கச் சொன்னார். நான் இடைவெளியைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒரு தாளை முடிப்பதற்குள் தலை விண்விண் என்று தெறித்தது. கிழித்துப் போட்டேன். அடுத்ததையும் கிழித்தேன். "மனசு அமைதி ஆயிடுச்சா?" என்று கேட்டாள் பாருங்கள், அவளையும் சேர்த்துக் கிழித்திருப்பேன்.

அதோடு விட்டுத் தொலைத்திருக்கலாம். ஆனால் கோணலைப் பார்த்துவிட்டு எழுந்து போக எனக்குத் தெரியாது. எங்கள் தொழிலில் ஒரு பேனா உண்டு. தையல் எங்கே ஓட வேண்டும் என்று தோலின் மேல் அதால்தான் குறிப்போம். தைத்து முடித்ததும் சூடான காற்றைக் காட்டினால் கோடு இருந்த இடமே தெரியாது. பஜாரில் தோல் சாமான் கடையில் அதன் ரீஃபில் கிடைக்கும். கறுப்பாகப் பார்த்து வாங்கிவந்தேன். தப்பாகப் போன கோட்டின் மேல் இஸ்திரிப் பெட்டியின் மூக்கை லேசாக வைத்தால் போதும், தாள் புதுசாகிவிடும். மறுபடி போடுவேன், மறுபடி வைப்பேன். மன அமைதிக்காக ஒரு கையில் பேனாவும் மறு கையில் இஸ்திரிப் பெட்டியுமாக உட்கார்ந்திருந்த ஆள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்திதான்.

பிறகு வடிவம் சேர்க்கிற பைத்தியம் பிடித்தது. வீடியோவில் வந்த இலையும் அலையும் அலுத்துவிட்டன. பேரணாம்பட்டு பஸ்ஸின் தரைத் தகட்டில் புடைத்திருக்கிற வரி, பள்ளிகொண்டாவில் யாரோ வீட்டு கேட்டின் கம்பி வளைவு, ஆண்கள் ஷூவின் மூக்கில் பெரிசும் சிறிசுமாகக் குத்துகிற ஓட்டை வரிசை என்று கண்ணில் பட்டதெல்லாம் தாளுக்கு வந்தது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஷூவின் அடிப்பாகம். மழை பெய்த மறுநாள் கம்பெனி வாசல் சேற்றில் அத்தனை பேருடைய கால் தடமும் அச்சு அச்சாகப் பதிந்திருக்கும். ஒரு நாள் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாக்கா, தோடு வுழுந்துடுச்சா?" என்று வாட்ச்மேன் வந்து நின்றார்.

செருப்புத் தடம் பார்க்கிறேன் என்று சொல்ல முடியுமா? ஆமாம் என்று தலையாட்டினேன். சாயங்காலம் வேலை முடிந்து வெளியே வந்தால், மனுஷர் இன்னும் அங்கேயே குனிந்து தேடிக்கொண்டிருக்கிறார். நல்ல தடம் எல்லாவற்றையும் மிதித்துக் கூழாக்கி வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளும் பக்கத்தில் வந்து உட்காருவாள். எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகாது. சட்னியில் ஆரம்பித்தாலும் சண்டையில்தான் முடியும். இந்தத் தாள்களின் முன்னால் மட்டும் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. என் தாளிலேயே ஓரமாக, கை போகிற போக்கில் அவள் அலை அலையாகப் போடுவாள். ஒவ்வொரு அலையும் ஒரு தினுசாக இருக்கும். என் வரிசையின் அழகே கெட்டுப்போகும். அவள் எழுந்து குளிக்கப் போனதும் இஸ்திரிப் பெட்டியை வைத்து அதை எடுத்துவிட்டு, அதே அலையை நான் ஒழுங்காகப் போட்டு வைப்பேன். அவள் கவனித்ததே இல்லை.

அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. ஹாஸ்டலில் தங்க வேண்டும். கிளம்புவதற்கு முதல் நாள் துணி அடுக்கிக்கொண்டிருந்தவள், "அந்தத் தாளெல்லாம் எனக்குத் தர்றியாம்மா? ரூம்ல ஒட்டிக்கிறேன்," என்றாள்.

நான் போட்ட ஊறுகாயைக்கூட வேண்டாம் என்று எடுத்து வைத்தவள் அவள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல், "அப்படியே எடுத்துட்டுப் போனா கசங்கிப் பூடும். லேமினேஷன் போட்டுத் தர்றேன், இரு," என்று அதட்டிவிட்டு, எல்லாவற்றையும் வாரிக்கொண்டு பஜாருக்குப் போனேன்.

ஜெராக்ஸ் கடைக்காரர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டே தாள்களைப் பார்க்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒன்றன்பின் ஒன்றாக மெஷினில் தள்ளினார். எல்லாம் உள்ளே போன பிறகுதான் அந்தப் பக்கம் வந்து விழுந்தவற்றை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா, வெறும் பேப்பருக்கா லேமினேஷன் கேட்டீங்க?"

எல்லாத் தாளும் பளபள என்று வெள்ளையாக இருந்தது. நான் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்தார்கள். இது மெஷினா, இதற்கு ஒரு கடையா என்று என்னென்னவோ கேட்டேன். பாவம், அவர் மெஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடு ஜாஸ்தி இல்லக்கா. எப்பவும் வெக்கிறதுதான்," என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காசைக் கொடுத்துவிட்டுத் தாள்களை வாங்கிக்கொண்டேன். சூட்டைக் காட்டினால் கோடு போய்விடும் என்று புதிதாக வருகிற பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறவள் நான். பிளாஸ்டிக் எதனால் ஒட்டுகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா?

வீட்டில் மகள் ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். தாளை வைத்துவிட்டு மறுபடி துணி அடுக்கப் போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது. அவள் ஆசைப்பட்டுக் கேட்டதே அது ஒன்றுதான்.

அப்போதுதான் பழைய புகார் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. ஒரு முறை குளிர் தேசத்துக்குப் போன ஷூக்களில், நாங்கள் அழித்து அனுப்பிய கோடெல்லாம் பெட்டியைத் திறந்தபோது திரும்பி வந்திருந்தது. குளிர் தாக்கினால் இந்த மை திரும்பிவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஃப்ரீசரைக் காலி பண்ணு," என்றேன்.

"எதுக்கு?"

"சொன்னா செய்யேன்டி!"

மீனை வெளியே எடுத்துவிட்டுத் தாள்களை உள்ளே அடுக்கினோம். எடுத்த மீனை என்ன செய்வது, குழம்பு வைத்தேன். குழம்பு கொதித்து இறங்கியதும் இரண்டு பேரும் போய் ஃப்ரீசரைத் திறந்தோம்.

கோடு வந்திருந்தது. ஆனால் எல்லாமே வந்திருந்தது. நான் தேடித் தேடி அழித்த ஒவ்வொரு கோணலும் நேர்க்கோட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. எந்தத் தாளும் என் மேஜையைத் தாண்டிப் போயிருக்காது. ச்சே என்று கீழே வைக்கப் போனேன். மகள் பிடுங்கிக்கொண்டாள்.

ஒரு மூலையில் விரலை வைத்தாள். "இது நான் போட்டதாச்சே." அடுத்த தாளை எடுத்தாள். அதற்கடுத்ததையும் எடுத்தாள். எல்லாவற்றிலும் அவளுடைய அலை நெளிந்துகொண்டிருந்தது, அதன் மேலேயே என்னுடைய ஒழுங்கான அலை. "எல்லாத்தையும் அழிச்சிட்டு நீயே போட்டியா?"

"கோணலா இருந்துச்சு," என்றேன்.

சண்டைக்குத் தயாராக நின்றேன். அவள் தாள்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அத வெச்சிட்டுப் போ. சுத்தமா வேற வரைஞ்சு அனுப்புறேன்," என்று கெஞ்சினேன்.

"வேணாம். இதான் வேணும். இதுலதான் நானும் இருக்கேன்."

காலையில் பஸ் ஏற்றிவிடும்போது, வெயில் படுகிற சுவரில் ஒட்டாதே, மறைந்துவிடும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தெரியும், தெரியும் என்று எரிந்து விழுந்தாள். வீட்டுக்குத் திரும்பி, மறுநாள் வேலைக்குக் கட்டவேண்டிய சேலையைத் தேய்க்கப் போனால் இஸ்திரிப் பெட்டியைக் காணோம். அலமாரியெல்லாம் கொட்டித் தேடிவிட்டு அவளுக்குப் போன் பண்ணினேன்.

"அயர்ன் பாக்ஸ் எங்கிட்டதான் இருக்கு," என்றாள். ஒரு துப்பட்டாவைக்கூடத் தேய்த்துப் போடுகிறவள் இல்லை அவள்.

கசங்கிய சேலையோடுதான் வேலைக்குப் போனேன்.