பக்கத்துவீட்டார் தூரம் என்று சொன்னது

அந்த ஆய்வகத்தில் அவரைப் பக்கத்துவீட்டார் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே அல்ல. அந்தத் தைரியம் அங்கே யாருக்கும் கிடையாது. எந்த நட்சத்திரத்தைக் கொண்டுபோய் அவர் முன் வைத்தாலும், "இது பக்கத்துலதான் இருக்கு, தூக்கிப் போடுங்க" என்பார். ஒருத்தர் மாதக்கணக்கில் கண் எரியத் தேடி எடுத்ததைத் தேநீர் ஆறுவதற்குள் கழித்துக்கட்டிவிடுவார். கழித்துவிட்டு ஒரு சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பைத்தான் யாராலும் பொறுக்க முடியாது.

வேலையும் அப்படிப்பட்ட வேலைதான். நம் பால்வெளியில் புதிதாகப் பிறக்கும் பெருநட்சத்திரங்களைத் தேடிக்கொண்டிருந்தது அந்தக் குழு. அவை தூசிக்குள் முக்காடு போட்டுக்கொண்டு பிறக்கும். சாதாரண வெளிச்சம் அந்த முக்காட்டைத் தாண்டாது, அகச்சிவப்புக் கதிர் மட்டும் கசியும். செயற்கைக்கோள் ஒன்று வானத்தை அகச்சிவப்பில் படம் பிடித்து, சிவந்த புள்ளிகளை மூட்டை மூட்டையாகக் கொட்டியிருந்தது. அதில் ஏகப்பட்டவை சாகப்போகிற கிழடுகள். கடைசிக் காலத்தில் தூசியைக் கக்கிப் போர்த்திக்கொண்டு பச்சைக் குழந்தை வேஷம் கட்டும். அவற்றைக் களைந்து எறிந்த பிறகுதான் மிச்சம் பக்கத்துவீட்டாரின் மேசைக்கு வரும்.

அவர் முடிவு செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: பக்கமா, தூரமா. புள்ளியைச் சூழ்ந்த வாயு எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று பார்த்துத் தூரத்தைக் கணக்கிடுவார்கள். பால்வெளியின் உட்பகுதியில் அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று என்று இரண்டு விடை வந்து தொலைக்கும். தூரத்தில் இருந்துகொண்டே இவ்வளவு ஒளிர்ந்தால் அது பெரிய தலை. பக்கத்தில் இருந்தால் வெறும் சில்லறை. புள்ளியைச் சூழ்ந்த குளிர்ந்த ஹைட்ரஜன் பக்கத்தில் இருந்தால் பின்னாலிருந்து வரும் ரேடியோ அலையைக் கொஞ்சம் விழுங்கிவிடும். ஆகவே அந்த அலையை வரைந்து காட்டும் வரைகோட்டில் சரியான இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தால் பக்கம், விழாவிட்டால் தூரம். பள்ளம் எது, வெறும் இரைச்சலின் நடுக்கம் எது என்று சொல்ல இயந்திரத்தை நம்ப முடியாது. அதற்கு அவருடைய கண்தான்.

குழுத் தலைவர் அவருடைய தங்கையின் கணவர். வயதில் இளையவர், படிப்பில் அவருக்குப் பின்னால் வந்தவர். "நல்ல பையன், அடக்கமானவன்" என்று சொல்லி ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்ததே பக்கத்துவீட்டார்தான். தானே தேடிப் போய்க் கூட்டிவந்து உட்காரவைத்த வினை. நல்ல பையன் முதலில் தங்கையைக் கட்டிக்கொண்டான், பிறகு பக்கத்துவீட்டார் கண் வைத்திருந்த தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தான். அது போதாதென்று, "மச்சானுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்திருக்கேன்" என்று அவரையே தன் குழுவில் சேர்த்துக்கொண்டான். கொடுத்த கையைக் கடிக்கவும் முடியாமல் வணங்கவும் முடியாமல் மனிதர் வெந்துகொண்டிருந்தார். அலுவலகத்தில் மாப்பிள்ளை அதிகாரி, வீட்டில் மச்சான் பெரியவர். இரண்டு இடத்திலும் "வாங்க, போங்க" என்று மரியாதைக்குக் குறைவில்லை. வயிற்றெரிச்சலுக்கும் குறைவில்லை.

ஒரு கூட்டத்தில் மாப்பிள்ளையை மட்டம் தட்டவே அவர் ஒரு விதி கொண்டுவந்தார். "அவங்கவங்க பிள்ளைக்கு அவங்களே மார்க் போடக் கூடாது" என்றார். எந்த நட்சத்திரத்தையும் அதைக் கண்டெடுத்தவர் தூரம் பார்க்கக் கூடாது. பார்க்கிறவருக்கு அது யாருடையது என்று தெரியக் கூடாது. யாருடையது என்று தெரிந்த பிறகு முடிவை மாற்றவும் கூடாது. மேசையைச் சுற்றி எல்லோரும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை, "நல்ல விதிதான், மச்சான்" என்று கையெழுத்துப் போட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பாடு. சாப்பிட்ட கை காய்வதற்குள் மாப்பிள்ளை போனை எடுத்து ஒரு படத்தை நீட்டினார். செக்கச் சிவந்த புள்ளி, அதன் ஓரத்தில் பச்சையாக ஒரு தீற்றல்.

"நான் கண்டெடுத்தது. பிறந்த வேகத்துல வாயுவைப் பீச்சி அடிக்குது பாருங்க. பெரிய தொலைநோக்கிக்கு இந்தத் தடவை இதைத்தான் அனுப்பப் போறேன். வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

பெரிய தொலைநோக்கியில் நேரம் கேட்டு மாப்பிள்ளை விண்ணப்பம் போடுவதும், திரும்பி வருவதும் தலை நரைக்கும்வரை நடந்துவிட்டது. தங்கை தண்ணீர் ஊற்றியபடி, "இந்தத் தடவை கிடைச்சிடும்ல?" என்றாள். அண்ணனைப் பார்த்துத்தான் கேட்டாள். அண்ணன் கை கழுவப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை அவருடைய திரையில் அதே சிவப்புப் புள்ளி, அதே பச்சைத் தீற்றல். பெயர் இல்லை, வெறும் எண். விதிப்படி அப்போதே எழுந்து, "இது யாருதுன்னு எனக்குத் தெரியும், வேற ஆளைப் பாக்கச் சொல்லுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வரைகோட்டைத் திறந்தார். பள்ளம் இல்லை. மேலே கீழே நடுங்கும் இரைச்சல், சரியான இடத்தில் அந்த நடுக்கம் துளி கீழே இறங்கியிருந்தது, அவ்வளவுதான். இன்னொருத்தருடையது என்றால் கண்ணை மூடிக்கொண்டு தூரம் என்று அழுத்தியிருப்பார். அந்தத் துளி இறக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு 'பக்கம்' என்று அழுத்தினார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை என்பதை அறையில் யாரும் கவனிக்கவில்லை.

மாப்பிள்ளை சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தார். வந்தால் கொடுக்கப் பதில்களைத் தீட்டி வைத்திருந்தார். செவ்வாய் போனது, புதனும் போனது, ஒரு சத்தமும் இல்லை. வியாழக்கிழமை மதியம் தங்கையிடமிருந்து போன்.

"அண்ணா, அவர் அந்த நட்சத்திரத்தை விண்ணப்பத்துலேருந்து எடுத்துட்டாராம். வேற எதையோ ஒப்புக்கு அனுப்பறாராம்."

"ஏன், என்கிட்ட வந்து கத்த வேண்டியதுதானே?"

"நானும் அதையேதான் கேட்டேன். உங்க அண்ணன் பக்கம்னு சொல்லிட்டா அது பக்கம்தான், அதுல பேச ஒண்ணுமில்லன்னுட்டார். ராத்திரி பூரா தூங்கல." அவள் குரல் உடைந்தது.

பக்கத்துவீட்டாருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இந்த நம்பிக்கையை அவரால் தாங்க முடியவில்லை. நேரே மாப்பிள்ளையின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டாமலே திறந்தார்.

"மாப்பிள்ளை, அந்த நட்சத்திரம் தூரத்துலதான் இருக்கு. பள்ளம் கிடையாது."

மாப்பிள்ளை தலையைத் தூக்கினார். "திங்கக்கிழமை பக்கம்னு போட்டிருந்தீங்க."

"பொய் போட்டேன். அது உங்களுதுன்னு எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை நீங்கதானே காட்டினீங்க. தெரிஞ்சேதான் போட்டேன்."

சொல்லிவிட்டார். வாழ்க்கையில் யாரிடமும் இப்படித் தலை குனிந்து நின்றதில்லை. மாப்பிள்ளை எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உங்க தங்கச்சி போன் பண்ணாளா?"

"பண்ணா."

"அழுதாளா?"

"அழுதா. அதுக்கும் இதுக்கும்..."

"அதானே பார்த்தேன்." மாப்பிள்ளையின் முகம் கல்லாகிவிட்டது. "வெளிப்படையாவே சொல்றேன், மச்சான். உங்களை எனக்கு ஆகாது. உங்க வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்த நாள்லேருந்து உங்க வாயால ஒரு நல்ல வார்த்தை கேட்டதில்ல. ஆனா வாய்தான் விஷம், கண்ணு சுத்தம்னு நினைச்சேன். அதுக்காகத்தான் இத்தனை நாள் உங்களைப் பொறுத்துக்கிட்டேன். இப்ப தங்கச்சி அழுதான்னதும் அந்தக் கண்ணையும் வித்துட்டு வந்து நிக்கறீங்க."

"ஐயோ, அந்தக் கோட்டை ஒரு தடவை நீங்களே பாருங்க!"

"நான் பாக்கக் கூடாது. உங்க விதி." மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். "யாருதுன்னு தெரிஞ்ச பிறகு முடிவை மாத்தக் கூடாதுங்கறதும் உங்க விதிதான். நாளையிலேருந்து தூரம் பாக்கற வேலையை வேற ஆளுக்குக் குடுக்கறேன். நீங்க கிழட்டு நட்சத்திரங்களைக் கழிக்கற வேலைக்குப் போங்க."

பக்கத்துவீட்டார் கத்தினார். வராந்தாவில் போனவர்கள் நின்று கேட்கும் அளவுக்குக் கத்தினார். "நான் பொய்யன்னு சொல்றேன், நம்ப மாட்டேங்கறீங்களே!" என்று மேசையில் அடித்தார். மாப்பிள்ளை திரும்பவே இல்லை. வெளியே நின்றவர்களுக்கு விஷயம் சரியாகப் பிடிபடவில்லை. மச்சான் மாப்பிள்ளைக்குச் சிபாரிசு செய்யப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று மாலைக்குள் ஆய்வகம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. இத்தனை நாள் அவரிடம் நட்சத்திரத்தைப் பறிகொடுத்தவர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

வெள்ளிக்கிழமை விண்ணப்பம் போனது, ஒப்புக்கு எடுத்த நட்சத்திரத்தோடு. பச்சைத் தீற்றல் போட்ட அந்தச் சிவப்புப் புள்ளி கழித்த கூடையில், பக்கம் என்ற முத்திரையோடு கிடந்தது. பக்கத்துவீட்டார் தன் வரைகோடுகளை அடுத்த ஆளிடம் ஒப்படைத்தார்.

அன்று சாயங்காலம் தங்கை மறுபடி கூப்பிட்டாள். அழுகை இல்லை, குரலில் அவர் எத்தனையோ காலமாகக் கேட்காத ஒரு குழைவு.

"அவர் எல்லாம் சொன்னார் அண்ணா. எனக்காகப் பொய் சொல்லப் போனீங்களாமே. உங்க பேரையே கெடுத்துக்கிட்டீங்களாமே. உங்களுக்கு எங்க மேல இவ்வளவு பாசம் இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல."

அவளிடமும் உண்மையைச் சொல்லிப் பார்க்கலாம்தான். அவளும் நம்ப மாட்டாள்.

"போனை வை" என்றார்.