பீரங்கிக்குப் பின்னால் இருந்தவர்

மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது இது. ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. இரண்டாம் உலகப் போரில் ஓடிய டோர்பிடோ படகு ஒன்றைப் பழுதுபார்த்து, ரொறன்ரோ ஏரிக்கரையில் மக்கள் பார்வைக்குக் கட்டி வைத்திருந்தார்கள். நான் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். அன்று எங்கள் இல்லத்திலிருந்து ஆறு பேரை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். என் பொறுப்பில் வந்தவருக்கு வயது தொண்ணூற்றேழு. பதினெட்டு வயதில் அந்தப் படகு போன்ற ஒன்றில்தான் போருக்குப் போனவர்.

நாலு வருடமாக அவரைக் குளிப்பாட்டுவது, சவரம் செய்துவிடுவது எல்லாம் நான்தான். டொக்டர் வேண்டாமென்று சொன்னாலும் தேத்தண்ணிக்கு இன்னொரு கரண்டி சீனி கேட்டு, குழந்தைபோலக் கண்ணடிப்பார். நான் பதினொரு வயதில் அப்பாவை இழந்தவள். அதனாலோ என்னவோ, அவர் மேல் எனக்குத் தனி ஒட்டுதல்.

படகு நான் நினைத்ததைவிடச் சிறியது. மரத்தாலானது, சாம்பல் நிறம். இரண்டு பக்கமும் டோர்பிடோக் குழாய்கள், முன்னால் ஒரு பீரங்கி. வழிகாட்டியாக நின்ற பெண், அவர் யாரென்று மற்றவர்களுக்குச் சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு ஒரே பெருமை. அவரைப் படகுக்கு முன்னால் வைத்துப் படமெடுத்து, பிக்கரிங்கில் இருக்கும் அக்காவுக்கு உடனே அனுப்பினேன்.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. "போகலாம்" என்றார்.

படகைப் பார்ப்பதற்காகப் போட்டிருந்த மேடையிலிருந்து துறைக்கு இறங்க ஒரு மரச் சரிவு இருந்தது. சரிவில் சக்கர நாற்காலியைப் பின்பக்கமாகத்தான் இறக்க வேண்டும் என்று படித்தவள் நான். சின்னச் சரிவுதானே என்று நேராகவே இறக்கினேன். அப்போதுதான் அவர் பேசத் தொடங்கினார்.

"எங்கள் படகில் அந்த மாதிரிப் பீரங்கியில் இருந்தவன் நான்தான். ஒரு விடியற்காலை, பனிமூட்டம். முன்னால் ஒரு படகு தெரிந்தது. எதிரி என்றார்கள். சுட்டேன். தாண்டிப் போகும்போது வலைகள் தெரிந்தன. மீன்பிடிப் படகு. ஒரு பெண் எழுந்து நின்று வெள்ளைத் துணியை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நாங்கள் நிற்காமல் போய்விட்டோம்."

எனக்குக் கிளாலி ஞாபகம் வந்தது.

எங்கள் நாட்டுப் போர்க்காலத்தில், கடற்படைக்குப் பயந்து இரவில் கிளாலிக் கடலேரியைக் கடந்தவர்களுக்கு நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் போன படகில் பத்துப் பதினைந்து பேர் இருந்தோம். விடியப் போகிற நேரம் ரோந்துப் படகொன்று சுட்டது. துணி ஆட்டக்கூட எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. சுட்டுவிட்டு அது போய்விட்டது. அப்பா என் தோளில் சாய்ந்திருந்தார். பயத்தில் என்னை அணைத்துக்கொண்டிருக்கிறார் என்றே நினைத்தேன். கரைக்கு வந்து அக்கா எழுப்பியும் அவர் எழும்பாதபோதுதான் எனக்குத் தெரிந்தது.

யாரோ கத்தினார்கள். பார்த்தால் என் கைகளில் ஒன்றுமில்லை. நாற்காலி அவரோடு சரிவில் ஓடிக்கொண்டிருந்தது. கீழே நின்ற வழிகாட்டிப் பெண் பாய்ந்து வந்து குறுக்கே விழுந்து மறித்தாள். அவளுடைய முழங்காலில் இரத்தம். நாற்காலியின் முன்சக்கரத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை.

"கை வழுக்கிவிட்டது" என்றேன். மேலாளருக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையிலும் அதையே எழுதினேன். ஆனால் கை வழுக்கியதா, நானே விட்டேனா என்று எனக்கே தெரியவில்லை.  

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். 

"உவரையே நீ நாலு வருசமாக் குளிப்பாட்டினனி?" என்றாள்.

"உவர் எங்களைச் சுடேல்லை, அக்கா."

"எங்களைச் சுட்டவனும் எங்கையோ இருந்து, ஆரோ ஒருத்தியின்ரை கையாலை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டுதானே இருப்பான்? ஆளை மாத்தித் தரச் சொல்லிக் கேள். உவற்றை முகத்திலை இனி முழிக்காதை."

இரண்டு நாள் சுகமில்லை என்று லீவு போட்டேன். மூன்றாம் நாள் ஆளை மாற்றச் சொல்லிக் கேட்கும் எண்ணத்தோடுதான் போனேன். மேலாளரின் அறைக்குப் போகும் வழியில் அந்த முதியவருடைய அறைக்கதவு திறந்திருந்தது. என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உன் கைக்கு என்ன? நோகிறதா?"

உள்ளே போய் இருந்தேன். கிளாலி, அப்பா, என் தோள், எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். நாற்காலியை நான் வேண்டுமென்றே விட்டேனா என்று எனக்கே தெரியவில்லை என்பதையும் சொன்னேன். அவருடைய வாய் திறந்தபடியே இருந்தது. கைகள் போர்வையைப் பிடித்துக்கொண்டன. அத்தனை வருடமாக யாரிடம் கேட்பதென்று தெரியாமல் வைத்திருந்ததை அவரிடம் கேட்டேன்.

"ஏன் நிற்காமல் போனீர்கள்?"

"நிற்க வேண்டாமென்று கட்டளை. எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வந்தேன்" என்றார். பிறகு இல்லையென்று தலையை ஆட்டினார். "ஆனால் கட்டளை வந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் செய்ததைக் கிட்டப் போய்ப் பார்க்கப் பயந்தேன்."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் மன்னிக்கவும் இல்லை. மன்னிக்க வேண்டியவள் அந்த வெள்ளைத் துணிக்காரி. அப்பாவின் பெயரைக் கேட்டார். சொன்னேன். அந்தப் பெயர் அவருடைய நாக்கில் புரளவில்லை. மூன்று தரம் முயன்று, நாலாம் தரம் சரியாகச் சொன்னார். நான் எழுந்து வெந்நீர் எடுத்து வந்து, வழக்கம்போல அவருக்குச் சவரம் செய்துவிட்டேன். மேலாளரிடம் போகவில்லை.

அடுத்த மாரிக் குளிரில் அவர் இறக்கும்வரை அந்த வேலையை நானே செய்தேன். அக்காவுக்கு அது இன்றுவரை விளங்கவில்லை. அவளை நான் குறை சொல்லவும் இல்லை. இவ்வளவு காலமும் அப்பாவைச் சுட்டவன் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அவனை நினைக்கும்போதெல்லாம், திரும்பிப் பார்க்கப் பயந்து தலையைக் குனிந்துகொண்ட ஒரு பதினெட்டு வயது முகம் வந்து நிற்கிறது, அந்த முகத்தை வெறுப்பது எனக்கு முன்போல் அவ்வளவு சுலபமாக இல்லை.