தம்பிக்கு ஊட்டிய சுறாப்புட்டு

தம்பிக்குப் பல் முளைத்ததும் எனக்குப் பல் விழுந்ததும் ஒரே மாதத்தில்தான். அவனுடைய இரண்டு அரிசிப் பல்லைப் பார்க்க எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் வந்து போனார்கள். என் வாயில் முன்னால் இரண்டு பல்லைக் காணோமே என்று கேட்க ஒரு நாதியில்லை. எனக்கு அப்போது ஏழு வயது, அவனுக்கு ஒன்பது மாதம். அவனைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமுமில்லை.

அவன் பிறப்பதற்கு முன்னால் என் வாய்க்குச் சோறு உம்மா கையிலிருந்துதான் வரும். எங்கள் கிராமம் மண்டபம் என்கிற ஊருக்குப் பக்கத்தில், கடலை ஒட்டியே இருந்தது. மீன் இல்லாத நாள் கிடையாது. உம்மா மீனாணத்தை ஊற்றிச் சோற்றைப் பிசைந்து, மீனை விரல் நுனியில் நசுக்கி நசுக்கி முள் எடுத்து, உருண்டை பிடித்துத் தருவாள். அவள் விரலுக்குத் தப்பி ஒரு முள்கூட என் தொண்டைக்கு வந்ததில்லை. தம்பி பிறந்த மறுவாரமே, "நீ பெரிய புள்ளையாயிட்ட, நீயே எடுத்துத் தின்னு" என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். பெரிய பிள்ளையாகத் தின்ற முதல் நாளே முள் குத்தியது. வெறும் சோற்றை உருட்டி விழுங்கிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீம்புக்கு உட்கார்ந்திருந்தேன். யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் முள்ளைவிட வலித்தது.

அப்படி எனக்கு வாய்க்காத கையை வைத்துக்கொண்டு அந்தத் துரை செய்த அட்டகாசம் கொஞ்சநஞ்சமல்ல. கேழ்வரகுக் கூழ் கொடுத்தால் துப்புவான். நெய் விட்டுக் குழைத்த சோற்றை நாக்காலேயே வெளியே தள்ளுவான். வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தார். அங்கிருந்து யாரோ ஊருக்கு வருகிறவர் கையில் குழந்தை மாவு டப்பா ஒன்றைக் கொடுத்து விட்டிருந்தார். அதன் மேலே கொழுகொழுவென்று ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும். அந்த மாவையும் உம்மா காய்ச்சி ஊட்டிப் பார்த்தாள். அவள் முகத்திலேயே உமிழ்ந்துவிட்டான்.

உம்மாவும் அவனைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போவாள். வள்ளத்தைக் காட்டி, ஆட்டைக் காட்டி, காக்கையைக் காட்டி, ஒவ்வொரு வாய்க்கும் பிஸ்மி சொல்லி ஊட்டப் பார்ப்பாள். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடப்பது என் உத்தியோகம். மணல் சுடும். அவன் வாயைத் திறக்க மாட்டான், நானோ கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டே நடப்பேன்.

இதற்குள் உம்மாவுக்குப் பால் வற்றத் தொடங்கிவிட்டது. பிள்ளைக்கு நெஞ்சுக்கூடு தெரிந்தது. வாப்பா ஊரைவிட்டுப் போகும்போது அவன் நாற்பது நாள் பிள்ளை. அந்த மாதக் கடைசியில் கப்பலேறி வருவதாகக் கடிதம் வந்திருந்தது.

"அவுக வந்து பிள்ளையைப் பாத்தா, இத்தனை மாசமா என்னத்தைக் குடுத்து வளத்தேன்னு கேக்க மாட்டாகளா?" என்று உம்மா சாச்சியிடம் சொல்லி மூக்கை உறிஞ்சினாள். சாச்சி என்றால் உம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள்.

"மொதல்ல ஒனக்குப் பால் ஊறட்டும்" என்று சொல்லிவிட்டு, சாச்சி பால்சுறா வாங்கி வந்தாள்.

பிள்ளை பெற்றவர்களுக்கு எங்கள் பக்கத்தில் சுறாப்புட்டுதான் மருந்து. சுறாவை அவித்துச் சொரசொரத் தோலை உரித்து, சதையை உதிர்த்துப் பிழிந்து, வெங்காயமும் பூண்டும் மிளகும் அள்ளிப் போட்டு வதக்குவார்கள். அந்த வாசனை கடற்கரை வரைக்கும் போகும். எனக்கும் கொஞ்சம் வேண்டும் என்று போய் நின்றேன்.

"ஒனக்கு எதுக்குடி? நீயா பால் குடுக்கப் போறே? அங்கிட்டுப் போ" என்றாள் சாச்சி. உம்மா புட்டை மென்றுகொண்டே இருந்தாள்.

அன்று மத்தியானம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. புட்டு உம்மா வயிற்றுக்குள் போய்ப் பாலாகிறது. அந்தப் பாலைத் தம்பி குடிக்கிறான். நடுவில் உம்மா எதற்கு? புட்டை நேராக அவன் வாயிலேயே போட்டுவிட்டால் அவன் வயிற்றிலேயே பால் ஊறிக்கொள்ளும். அப்புறம் அவனுக்குக் கூழும் வேண்டாம், மாவும் வேண்டாம், உம்மாவும் வேண்டாம். உம்மாவின் கை எனக்கு மிச்சம். அந்த யோசனையில் எங்கே ஓட்டை என்று இன்றைக்குக் கேட்டாலும் நான் கொஞ்சம் தடுமாறத்தான் செய்வேன்.

உம்மா குளிக்கப் போயிருந்தாள். சாச்சி பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்தாள். சட்டியிலிருந்து ஒரு பிடி புட்டை எடுத்து வந்து, உம்மா செய்கிற மாதிரியே விரலில் நசுக்கிப் பார்த்து, தம்பி வாயில் கொஞ்சம் வைத்தேன். பூண்டும் மிளகும் ஏறி அலறப் போகிறான் என்று பார்த்தால், நாக்கைச் சப்புக் கொட்டிவிட்டு மறுபடி வாயைத் திறந்தான். இன்னும் கொஞ்சம் வைத்தேன். அதற்கும் திறந்தான். எனக்குக் கொடுக்காத பண்டத்தை இவன் இப்படி ரசித்துத் தின்கிறானே என்று ஆத்திரமாக வந்தது. அவனுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய் என்று பிடி முழுவதும் தீர்ந்தபோது உம்மா ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

"அல்லாவே, பிள்ளைக்கு என்னத்தடி குடுத்தே?"

நான் நடந்ததையும் அதற்கான காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னேன். சத்தம் கேட்டு ஓடிவந்த சாச்சி சிரிப்பு தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உம்மா சிரிக்கவில்லை. என் தொடையில் ஒரு கிள்ளு வைத்துவிட்டு, அவன் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். அவனோ வீறிட்டு அழுதுகொண்டு என் கையைப் பிடித்து இழுத்தான்.

ஓமத்தண்ணீர் கொடுத்துச் சாயங்காலம் வரை அவன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு உம்மா கூழை நீட்டினாள். முகத்தைத் திருப்பினான். சாச்சி விளையாட்டாக என் கையில் மீனும் சோறும் பிசைந்து கொடுத்தாள். நான் நீட்டியதும் வாயைத் திறந்துவிட்டான்.

அன்றிலிருந்து என் கொடிதான் பறந்தது. பள்ளிக்கூடம் போகும் முன்னால் ஒரு தரம், மத்தியானம் வந்து ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் நான்தான் ஊட்ட வேண்டும். அதே தட்டில் அதே சோற்றை உம்மா எடுத்துக் கொடுத்தால் வாயை இறுக்கிக்கொள்வான். "ராத்தா கைதான் அவனுக்கு ருசி, நீ தள்ளிக்க" என்று, அக்காவான என்னைக் காட்டிச் சாச்சி உம்மாவைக் கேலி பண்ணுவாள். தெருப் பெண்கள் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை பார்க்க வந்தது என்னை. பத்துப் பதினைந்து நாளில் அவன் கன்னம் தேறிவிட்டது. நான் வாசலில் கால் வைத்ததும் உம்மாவின் இடுப்பிலிருந்து என் பக்கம் தாவுவான். எனக்குத் தலைகால் புரியவில்லை. உம்மா அவனை என்னிடம் இறக்கி விட்டுவிட்டு, அவிழாத முந்தானையைச் சரி செய்துகொண்டே உள்ளே போவாள்.

வாப்பா வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம் நான் காலை நீட்டி உட்கார்ந்து அவனை மடியில் போட்டு ஊட்டிக்கொண்டிருந்தேன். உம்மா தன் தட்டோடு வந்து என்னை ஒட்டி உட்கார்ந்தாள். பதமாகப் பிசைந்து, முள் எடுத்து, சின்ன உருண்டையாகப் பிடித்து, முதலில் அவனிடம் நீட்டினாள். அவன் என் கையைப் பார்த்தான். அப்புறம் உம்மா அந்த உருண்டையை என் வாய்க்கு நேராகக் கொண்டுவந்தாள்.

"நீ தின்னும்மா. பசியோட உக்காந்துருக்கே."

ஒன்பது மாதமாக நான் ஏங்கிக் கிடந்தது இதற்குத்தான். ஆனால் அப்போது வாசற்படியில் இரண்டு பெண்கள் நின்று, நான் ஊட்டுகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் நான் வாயைத் திறந்தால் என் மரியாதை என்ன ஆவது?

"எனக்கு வேணாம்மா. நான் என்ன சின்னப் பிள்ளையா? நானே தின்னுக்கிருவேன்" என்றேன்.

உம்மா உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினாள். சாச்சி கேட்டதற்குப் பசியில்லை என்றாள். பசியில்லை போலிருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். உம்மா முள் எடுத்து வைத்துவிட்டுப் போன அந்த மீனை வீணாக்குவானேன் என்று தட்டை இழுத்து, ஒரு துணுக்கு விடாமல் தம்பிக்கே ஊட்டி முடித்தேன்.